இடிக்குப் பதிலாக வந்தவர்

ஒன்பது நாளாக மழை விடவில்லை. மழைக்காலத்தில் ஊரில் மற்றவர்களுக்குக் கூரை ஒழுகும். லிஃப்ட்காரருக்குத் தரைக்குக் கீழே ஒழுகும். லிஃப்ட் வந்து நிற்கிற குழியில் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கிவிடும். அதை மோட்டார் வைத்து இறைத்து, மிச்சத்தை வாளியால் அள்ளி, துணியால் ஒற்றி, இருபுறத்துத் தண்டவாளத்துக்கும் கிரீஸ் பூசி, அப்புறம் மொட்டை மாடி மெஷின் அறைவரை ஏறிப் போய் பிரேக்கைப் பார்த்துவிட்டு இறங்கினால், அடுத்த கட்டடத்திலிருந்து போன் வந்திருக்கும்.

அந்த வியாழக்கிழமை லிஃப்ட்காரர் நான்காவது குழியை முடித்துவிட்டு ஏணியில் ஏறி, தரைக்கு மேலே தலையை மட்டும் நீட்டினார். எதிர்ச் சுவரில் பசை காயாத போஸ்டர் ஒன்று இருந்தது. நான்கு சாம்பல் நிற முகமூடிகள். கீழே கொட்டை எழுத்தில், ‘சாம்பல். சனிக்கிழமை மாலை நான்கு மணி. இந்த முறை முகம் காட்டுகிறார்கள்.’

இரண்டாவது தடவை படித்தபோது கால் வழுக்கி, தண்ணீர் மிச்சமிருந்த மூலையில் போய் உட்கார்ந்தார்.

“என்ன சார், இன்னும் குளிச்சு முடியலையா?” என்றார் மேலேயிருந்து வாட்ச்மேன்.

லிஃப்ட்காரர் வாளியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். போஸ்டரில் இடமிருந்து இரண்டாவது முகமூடி அவருடையது. அதன் காதோரத் தையல் போன மாதம் பிரிந்துபோய், அவருடைய மனைவி மறுபடி அடித்துக் கொடுத்தது.

சாம்பல் என்பது ஒரு ராக் குழு. நான்கு பேர், நான்கு முகமூடிகள். வெவ்வேறு குழுக்களில் கொடிகட்டிப் பறந்த நான்கு பெரிய தலைகள் ஒன்றாகச் சேர்ந்து பெயரை மறைத்து வாசிக்கிறார்கள் என்றுதான் ஆரம்பத்திலிருந்தே பேச்சு. பாடுகிறவள் யார் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. அந்தக் குரலை எத்தனை துணி போட்டாலும் மறைக்க முடியாது. தடித்த, கதகதப்பான குரல். அதனால் அவளுக்குக் ‘கம்பளி’ என்றே பட்டப்பெயர். மற்ற மூவரும் அவ்வப்போது மாறுகிறார்கள் என்று சிலர், மாறவேயில்லை என்று சிலர். டிரம்ஸ் வாசிப்பவர் ‘இடி’ என்பது பெரும்பான்மையோர் கட்சி. இடி என்றால் நாட்டில் தெரியாதவர் இல்லை.

அது ஒரு காலத்தில் உண்மையாகவும் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் இடிக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வெயிலோ மழையோ கையில் குடையோடு அலைகிற ஒரு மனிதர்தான் குழுவின் ஏற்பாடுகளைக் கவனிப்பவர். அவரைக் குடைக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர், சாயங்கால வேளைகளில் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் டிரம்ஸ் தட்டிக்கொண்டிருந்த லிஃப்ட்காரரைக் கூப்பிட்டு, “ஒரே ஒரு நாளைக்கு. முகமூடி போட்டுக்கணும். யார்கிட்டயும் பேசக் கூடாது. முடியுமா?” என்று கேட்டார்.

ஒரு நாள் ஆறு வருடமாகிவிட்டது. புதிய பாட்டுகள் கேசட் மாதிரி ஒரு சின்னக் கருவியில் பதிவாகி வீட்டுக்கு வரும். கச்சேரி அன்று தனி வண்டி, தனித் தடுப்பு, நேரே மேடை. மற்ற மூவரோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் தன்னை இடி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவர் மனதை அரித்தது. பெரிய மனிதர்களுக்கு நடுவில் தான் ஒருவன் மட்டும் போலி. யாராவது ஒருநாள் பழைய சினேகிதத்தில் தோளில் கை போட்டு, “என்னடா?” என்று கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு கச்சேரியிலும் டிரம்ஸுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொள்வார்.

*

வீடு நான்காவது மாடியில். ஊருக்கெல்லாம் லிஃப்ட்டை ஓடவைக்கிறவருடைய கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. முன்னறை முழுக்க மனைவியின் தையல் வேலை. ஜிப் மாற்றுவது, பேண்டைக் குட்டையாக்குவது, குண்டானவர்களுக்குச் சட்டையைப் பிரித்துவிடுவது. மழையில் துணி எதுவும் காயாததால் அயர்ன் பெட்டியால் தேய்த்தே உலர்த்திக்கொண்டிருந்தாள். அறையெங்கும் ஈரத்துணி வேகிற வாசனை.

சாப்பாட்டு மேசையில் மச்சான் உட்கார்ந்திருந்தார். மனைவியின் அண்ணன். தபால் பிரிக்கும் ஆபீசில் விடியற்காலை வேலை. அவர் கிளம்பிய பிறகுதான் லிஃப்ட்காரர் தரையில் ரப்பர் விரித்துத் தட்டிப் பழகுவார். தன் மனைவி காலமான பிறகு தங்கை வீட்டோடு வந்துவிட்டவர். சாம்பலின் ஒரு கச்சேரியையும் விட்டவர் இல்லை.

“மாப்ளே, பார்த்தியா போஸ்டர்?” வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார். “நாலாவது வரிசை. நான் மூணு மணி நேரம் நின்னு வாங்கின டிக்கெட். சனிக்கிழமை இடியை நேருக்கு நேர் பார்க்கறேன்.”

“ம்.”

“என்ன ம்? ஆறு வருஷமா கத்தறேன், அது இடிதான்னு. ஆபீசுல ஒருத்தன் நம்பினானா? போன வாரம் டிவில கேட்டாங்களே, சாம்பல்ல வாசிக்கறது நீங்கதானான்னு. அவன் என்ன சொன்னான்? ‘அதை நான் சொல்லக் கூடாது’ன்னு சொல்லி ஒரு சிரிப்பு சிரிச்சான் பாரு. அந்தச் சிரிப்பு போதாதா? சாம்பல் டிரம்ஸுக்குன்னு பரிசு வேற குடுத்து அனுப்பினாங்க.”

“அண்ணா, சூப் ஆறுது,” என்றாள் தையல்காரி.

உருளைக்கிழங்கு சூப், ரொட்டி, வேகவைத்த முட்டை. லிஃப்ட்காரர் ரொட்டியைச் சூப்பில் நனைத்தார். அது ஊறிக் கரைந்து கிண்ணத்துக்குள் விழுந்தது தெரியாமல் வெறுங்கையை வாய்க்குக் கொண்டுபோனார்.

“உடம்பு சரியில்லையா மாப்ளே?”

“குழியில விழுந்துட்டேன் மச்சான்.”

“பார்த்து இறங்கக் கூடாதா?” என்று கடிந்துவிட்டு மச்சான் மறுபடி இடிக்குத் திரும்பினார். போன கச்சேரியில் இரண்டாவது பாட்டில் இடி தடுமாறியது, ஆனாலும் கடைசிப் பாட்டில் அதை ஈடுகட்டியது, அப்படி ஈடுகட்ட இந்த உலகத்தில் வேறு எவனாலும் ஆகாது என்பது, எல்லாம் வரிசையாக வந்தது. தையல்காரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கிண்ணத்தைப் பார்த்தாள்.

மறுநாள் காலை மச்சான் வேலைக்குப் போன பிறகு, அவள் ஒரு கால்சட்டையின் ஜிப்பைப் பிரித்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

“குடைக்காரர்கிட்ட பேசினீங்களா?”

“பேசினேன். ‘கம்பளி மேடம் சொன்னது, எனக்கொண்ணும் தெரியாது’ங்கறார். அவர் குரலே சரியில்ல.”

“அப்போ போகாதீங்க. உடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க.”

“போகலைன்னா மூணு பேர் மூஞ்சியைக் காட்டுவாங்க. நாலாவது எங்கன்னு கேட்பாங்க. மூணு பெரிய ஆளுங்களுக்கு அவமானம். என்னால வந்ததா இருக்கும்.”

“போனா?”

“போனா எனக்கு அவமானம்.” அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். எவ்வளவு தேய்த்தாலும் கிரீஸ் போகாத ரேகைகள். “அஞ்சாயிரம் பேரு. முகமூடியை எடுத்ததும் இடின்னு கத்த வாயைத் திறப்பாங்க. உள்ள இருக்கறது நான். யோசிச்சுப் பாரு. அதுல மச்சான் நாலாவது வரிசையில.”

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். “நீங்க யாரையும் ஏமாத்தலையே. கூப்பிட்டாங்க, போனீங்க.”

“அந்த மூணு பேரையும் ஏமாத்தியிருக்கேன். ஆறு வருஷம் பக்கத்துல நின்னு வாசிச்சிருக்காங்க, இடின்னு நினைச்சுக்கிட்டு.”

“அப்போ அவங்ககிட்ட முதல்ல சொல்லிடுங்க. கூட்டத்துக்குத் தெரியறதுக்கு முன்னாடி அவங்களுக்குத் தெரியட்டும். திட்டினா நாலு சுவத்துக்குள்ள திட்டட்டும். நானும் வர்றேன்.”

“நீ எதுக்கு?”

“நீங்க பாதி வழியில இறங்கிப் போயிடுவீங்க. உங்களை எனக்குத் தெரியாதா?”

அவருக்கு வாய்க்குள் சிரிப்பு வந்தது. வெளியே வரவில்லை.

சனிக்கிழமை காலையிலும் ஒரு போன். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண்மணி. அவர் மெஷின் அறையிலிருந்து கையாலேயே சக்கரத்தைச் சுற்றி, அங்குலம் அங்குலமாக இறக்கினார். கதவு திறந்ததும் அந்த அம்மாள் வியர்த்து விறுவிறுத்து வெளியே வந்து, “விழுந்துடும்னு நினைச்சேன் தம்பி,” என்றாள்.

“விழாதும்மா. நிக்கத்தான் செய்யும். நாலு கயிறு இருக்கு, ஒண்ணு போனாலும் மூணு தாங்கும்.”

“அதை உள்ள இருக்கறப்ப யாராவது சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றாள் அவள்.

*

அரங்கத்தின் பின்வாசலில் குடைக்காரர் நின்றார். முகம் வெளிறிப்போயிருந்தது. தையல்காரியைப் பார்த்ததும், “வெளியாட்களுக்கு அனுமதி இல்ல,” என்று ஆரம்பித்தார்.

“முகமூடியே நான் தைக்கறது. நான் வெளியாளா?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே நடந்தாள்.

உடை மாற்றும் அறை நீளமானது. நடுவில் தடுப்புகள், நான்கு பேருக்கு நான்கு பங்கு, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு திரை. சுவரில் ஈரம் பூத்திருந்தது. அடுத்த பங்கிலிருந்து இருமல் சத்தம். அதற்கடுத்ததில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அந்தப் பக்கம் சுவருக்கு அப்பால், கூட்டம் உட்கார்ந்துகொண்டிருக்கும் இரைச்சல்.

லிஃப்ட்காரர் முகமூடியைப் போட்டுக்கொண்டார். கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து லேசாகத் தள்ளினாள்.

அவர் திரையை விலக்கிக்கொண்டு நடு இடத்துக்கு வந்து, தொண்டையைச் செருமினார்.

“எல்லாரும் ஒரு நிமிஷம் வர முடியுமா?”

ஆறு வருடத்தில் அந்த அறையில் யாரும் பேசியதில்லை. மற்ற மூன்று திரைகளும் மெதுவாக விலகின. மூன்று சாம்பல் முகங்கள் அவரையே பார்த்தன.

“நான் இடி இல்ல,” என்றார். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. முகமூடியைத் தலைக்கு மேலே இழுத்துக் கழற்றினார். “நான் லிஃப்ட் மெக்கானிக். இடிக்குத் தோள் சரியில்லாதப்ப ஒரு நாளைக்குன்னு வந்தேன். அப்புறம் யாரும் போகச் சொல்லல. நானும் போகல. உங்களை மாதிரி ஆளுங்களோட நின்னு வாசிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. மன்னிச்சுடுங்க.”

குடைக்காரர் சுவரோடு சுவராகச் சாய்ந்துவிட்டார்.

கிட்டார் வாசிப்பவரின் தோள்கள் குலுங்கின. கோபம் என்றே லிஃப்ட்காரர் நினைத்தார். அந்த மனிதர் முகமூடியைக் கழற்றினார். வழுக்கைத் தலை, தடித்த கண்ணாடி, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரிப்பு.

“ஐயோ சாமி,” என்றார். “நான் பல்செட் செய்யறவன்ங்க. மூணு வருஷமா நீங்க இடின்னு நினைச்சு, உங்க பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம வாசிச்சுட்டு இருக்கேன். ஒரு தடவை உங்க குச்சி நழுவினப்ப, நான்தான் தாளத்தைக் கெடுத்துட்டேன்னு ரெண்டு நாள் சாப்பிடல.”

“அது என் தப்புங்க. அன்னைக்குக் கையில காயம்.”

“இப்ப சொல்றீங்களே!”

பேஸ் கிட்டார் வாசிப்பவர் முகமூடிக்குள்ளேயே, “கதவைச் சாத்துங்க,” என்றார். பெண் குரல். எல்லோரும் திரும்பினார்கள். முகமூடியைக் கழற்றினாள். நாற்பது வயதிருக்கும், குட்டையாக வெட்டிய முடி. “ஸ்கூல் பஸ் ஓட்டறேன். நாலு வருஷம். ஆம்பளை மாதிரி நடக்கணும்னு சொன்னதால இடுப்பு வலியே வந்துடுச்சு.” அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி ஓரமாக எறிந்தாள். “அப்பாடா.”

மிச்சமிருந்தது கம்பளி. அவள் கடைசியாகக் கழற்றினாள். ஊரே அறிந்த முகம். போஸ்டர்களில் பார்ப்பதைவிடக் களைத்திருந்தது, முன்முடி நரைத்திருந்தது. உட்கார்ந்திருந்தவளும் எழுந்துவிட, மூவரும் தம்மையறியாமல் நேராக நின்றார்கள்.

“உட்காருங்க, உட்காருங்க,” என்றாள். “எனக்கு எல்லாம் தெரியும்.”

“தெரியுமா?” என்றார் லிஃப்ட்காரர். “எப்பலேர்ந்து?”

“நீங்க வந்த முதல் நாள்லேர்ந்து. இடி என்னிக்காவது சொன்ன நேரத்துக்குப் பாட்டை ஆரம்பிச்சிருக்கானா? நான் மூச்சு எடுக்கறதுக்கு முன்னாடியே பாய்வான். நீங்க காத்திருந்தீங்க. பாட ஆரம்பிச்சு இருபது வருஷத்துல எனக்காக மூச்சு விட இடம் குடுத்த முதல் ஆள் நீங்கதான்.”

“அப்போ ஏம்மா சொல்லல?”

“சொன்னா போயிடுவீங்களோன்னு பயம்.” அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பி முடியை ஒதுக்கிக்கொண்டாள். “முன்னாடி இருந்த அந்தப் பெரிய தலைங்க மூணு பேரும் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. சொல்லிட்டுக்கூடப் போகல. நீங்க வந்ததால குழு கலையாம நிலைச்சுது. அதான் நானும் வாயை மூடிட்டு இருந்தேன். ஆனா போன வாரம் அவன் டிவில சிரிச்சானே ஒரு சிரிப்பு... பரிசையும் வாங்கி மடியில வச்சுக்கிட்டு. தட்டினது ஒருத்தர், சிரிக்கறது ஒருத்தரா? அன்னைக்கே நான்தான் போஸ்டர் அடிக்கச் சொன்னேன்.”

“எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றாள் தையல்காரி. எல்லோரும் அப்போதுதான் அவளைக் கவனித்தார்கள். “மூணு நாளா இவர் சாப்பிடல, தூங்கல. தனியா அனுப்ப பயந்துதான் கூட வந்தேன்.”

கம்பளியின் முகம் மாறியது. கண்ணாடியை விட்டுத் திரும்பி லிஃப்ட்காரரைப் பார்த்தாள்.

“கேட்டிருக்கணும்,” என்றாள். “கோபத்துல அது தோணல. தப்புதான். இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வேண்டாம்னா சொல்லுங்க, நான் மட்டும் கழற்றறேன். திட்டறவங்க என்னைத் திட்டட்டும்.”

பல்செட்காரரும் பஸ்காரம்மாவும் லிஃப்ட்காரரைப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த சாம்பல் துணியைப் பார்த்தார். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் எப்போது இறங்கியது என்று அவருக்குத் தெரியவில்லை.

“கழற்றியாச்சு,” என்றார். “மறுபடி போட்டா வேர்க்கும்.”

*

நால்வரும் வெறும் முகத்தோடு மேடைக்குப் போனார்கள். விளக்கு விழுந்ததும் எழுந்த கூச்சல், நின்ற இடத்தில் நின்றது. கம்பளியை அடையாளம் கண்டுகொண்டு ஒரு பகுதி கத்தியது. மற்ற மூன்று முகங்களிலும் கூட்டத்தின் கண்கள் தேடித் தேடி வழுக்கின.

கம்பளி மைக்கைப் பிடித்தாள். “நீங்க நினைச்ச ஆளுங்க இவங்க இல்ல. ஆனா நீங்க கைதட்டினதெல்லாம் இவங்களுக்குத்தான்.”

“ஏமாத்திட்டாங்க!” என்று ஒரு குரல். ஊளையிட்டார்கள். இரண்டு வரிசையில் சிலர் எழுந்து போகவே செய்தார்கள். வலது பக்கத்திலிருந்து ஒருவன் எழுந்து, டிரம்ஸ் பக்கம் கையை நீட்டி, “யோவ், நீ யாருய்யா?” என்று கத்தினான்.

லிஃப்ட்காரருக்கு முன்னால் ஒரு மைக் இருந்தது. அதில் அவர் இதுவரை பேசியதேயில்லை.

“லிஃப்ட் மெக்கானிக்,” என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள் குரல் கணீரென்று வந்தது: “எங்க பில்டிங்ல நாலு நாளா ஓடல! எத்தனை தடவை போன் பண்றது?”

யாரோ சிரித்தார்கள். பக்கத்தில் சிரித்தார்கள். சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்து மேடையைத் தொட்டது. “மழையில முடியலம்மா, திங்கட்கிழமை வர்றேன்,” என்று அவர் சொன்னது மைக்கில் ஊரெல்லாம் கேட்டது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் அவர் குச்சிகளை உயர்த்தி நான்கு தட்டினார்.

முகமூடிக்குள்ளிருந்து ஆறு வருடம் எல்லாமே சாம்பலாகத்தான் தெரிந்திருந்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரியும். இன்று காற்று முகத்தில் பட்டது. எதிரே மனிதர்களுக்கு மூக்கும் வாயும் இருந்தன. பல்செட்காரர் முதல் தடவையாகத் திரும்பி அவரைப் பார்த்துத் தலையாட்டினார். கம்பளி மூச்சு எடுக்கிற இடத்தில் அவர் வழக்கம்போல் காத்திருந்தார்.

நான்காவது வரிசையில் மச்சான், இடித்துவைத்த புளிபோல உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டு முழுக்க அசையவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பாட்டில் பக்கத்திலிருந்தவர் எதையோ கேலியாகச் சொல்ல, மச்சான் எழுந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “என் தங்கச்சி புருஷன்யா அது!” என்று கத்தினார். அதற்கப்புறம் கடைசிவரை உட்காரவில்லை.

*

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டார் மூவரும் ஒரே இருக்கை. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

“ஆறு வருஷம்,” என்றார் மச்சான் மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும். “எதிர்ல உட்கார்ந்து சூப் குடிச்சுக்கிட்டு, நான் பேசினதையெல்லாம் கேட்டுட்டு இருந்தியா மாப்ளே?”

“ஆமா மச்சான்.”

“தடுமாறினான்னு சொன்னப்பகூட?”

“தடுமாறினது நிஜம்தானே.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.”

“குடைக்காரர்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன்.”

மச்சான் தாடையைச் சொறிந்தார். “சொல்லாததும் நல்லதுக்குத்தான். எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கு மத்தியானமே ஆபீஸ் முழுக்கத் தெரிஞ்சிருக்கும்.” ஜன்னலில் படிந்த ஆவியை விரலால் துடைத்தார். “உலகத்துல வேற எவனாலும் ஆகாதுன்னு சொல்லிட்டு இருந்தேன்ல?”

“ம்.”

“வீட்டுக்குள்ளயே இருந்திருக்கான்,” என்றார். தையல்காரி தன் முந்தானையை அண்ணன் பக்கம் நீட்டினாள். அவர் அதில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கட்டடத்துக்கு வந்து படியேறினார்கள். மூன்றாவது மாடிக் கதவு திறந்திருந்தது. அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கும் நர்ஸ் யூனிஃபார்மோடு வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் அவளோடு.

“அப்பாடா,” என்றாள் நர்ஸ். “ரேடியோவுல கேட்டோம். இனிமே தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம்.”

லிஃப்ட்காரர் படியிலேயே நின்றார். “என்ன தெரியாத மாதிரி?”

“தரையில ரப்பர் விரிச்சுத் தட்டினா சத்தம் வராதுன்னு யாரு சார் சொன்னா? நைட் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்தா, மேல டம் டம். சண்டை போடலாம்னுதான் ஒருநாள் வந்தேன். பாதிப் படியில ரேடியோவுல அதே தட்டு. அப்படியே திரும்பிட்டேன். புதுப் பாட்டெல்லாம் ரேடியோவுக்கு வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே எங்க வீட்டுக் கூரைக்கு வந்துடும்.” மற்றவர்களைக் காட்டினாள். “இவங்க எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். நீங்க மறைக்கறீங்கன்னா ஏதோ காரணம் இருக்கும்னு பேசிக்கிட்டு, நாங்களும் மூணு வருஷமா மூச்சு விடல.”

எதிர் வீட்டுக்காரர் ஆமாம் என்று தலையாட்டினார். அவர் மனைவியும் ஆட்டினாள்.

தையல்காரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அவளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதைப் பார்த்து லிஃப்ட்காரருக்கும் தொடங்கி, நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்தார்.

மச்சான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“அப்போ, எனக்கு மட்டும்தான் தெரியாதா?”

சிரித்துச் சிரித்து, பதில் சொல்ல அங்கே ஒருவரிடமும் மூச்சு இல்லை.